காட்சிக்கு மாட்டிய பாட்டில்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றியவன் நான்தான்.

பொய். கொஞ்சம் பேரை டாக்டர் காப்பாற்றினார், மிச்சப் பேரை அவரவர் உடம்பே பார்த்துக்கொண்டது. நான் மூத்திரம் அளந்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருஷம் அளந்தேன். வார்டு பாய் என்று வேலைக்குச் சேர்ந்தேன். தலை நரைத்து, முன்பல் இரண்டு விழுந்து, பேத்தியும் பிறந்த பிறகு, அதே வார்டு பாயாகவே ஓய்வு பெற்றேன். அறுபது வயது வரைக்கும் வளராத பையன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

எழுதச் சொன்னது ஜெனிபர் என்கிற நர்ஸ் பெண். ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்திருக்கிறதாம். சொட்டை அதுவே எண்ணுகிறதாம், அதுவே ஏற்றுகிறதாம், பாட்டில் தீர்ந்தால் கீ கீ என்று கத்துகிறதாம்.

"அண்ணே, இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படிண்ணே சமாளிச்சீங்க? ஒரு நோட்டுல எழுதிக் குடுங்கண்ணே, புதுப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டணும்."

"நான் அஞ்சாப்புத் தாண்டாதவன் தாயி. என் எழுத்து கோழி கிளறுன குப்பை மாதிரி இருக்கும்."

"தப்ப நான் திருத்திக்கிறேண்ணே."

எழுத்தில் இருக்கிற தப்பைத் திருத்திக்கொள்ளட்டும். வார்டில் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதைத் திருத்த ஆள் கிடைக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பயிற்சி ஒரு காலைப்பொழுது நடந்தது. ஒன்பது மணிக்குச் சேர்ந்தேன், பதினொரு மணிக்கு டீ குடித்தேன், நடுவில் பயிற்சி முடிந்துவிட்டது. பெட்பேன் எங்கே இருக்கிறது, அதை எங்கே கொட்டுவது, யாரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றுதான். மூன்றாவதை மட்டும் கடைசி வரைக்கும் கற்றுக்கொள்ளவில்லை.

அளப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று இருக்கும். கையில் தூக்கிப் பார்த்து அளந்தால் தப்பு. சமதரையில் வைத்து, நாம் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். ராஜாவுக்குக்கூட நான் அப்படிக் குனிந்ததில்லை. காய்ச்சல் வார்டில் மணிக்கு ஒரு தடவை இந்த மரியாதை. எத்தனை மில்லி, என்ன நிறம், எத்தனை மணிக்கு என்று கட்டில் காலில் தொங்குகிற அட்டையில் எழுத வேண்டும். முதல் வருஷம் நானும் கெட்டிக்காரத்தனமாகப் பார்க்காமலே 'ஐம்பது' என்று எழுதிவிடுவேன். எல்லாக் கட்டிலுக்கும் எல்லா மணிக்கும் ஐம்பது. அதைக் கண்டுபிடித்தவர்தான் டாக்டரம்மா.

டாக்டரம்மா பேகம்பூர்க்காரர். பெயர் ஹமீதா. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வருவதை மரியாதை ஏறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணமாக இருந்தால் "சவரி, இங்க வாங்க" என்பார். எரிச்சல் என்றால் "சவரிமுத்து". நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் "சவரிமுத்து சார்". அதற்கும் மேலே ஒரு படி உண்டு. நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மேலாளர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஒரு லேப்காரர் மறு வாரம் சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கெல்லாம் அந்த நாற்காலி என்றால் சுடுகாட்டுப் பக்கம் போவது மாதிரி.

ஐம்பது எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சவரிமுத்து, இந்த வார்டுல பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே அளவு போறாங்களா?"

"ஒத்துமையான வார்டும்மா."

வாயைக் கொடுக்கக் கூடாது என்றேனே, அது இதுதான். அவர் சிரிக்கவில்லை. என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊசி மாதிரி ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினார். காய்ச்சல்காரரின் விரல் ரத்தம் அதில் இருந்தது. ஒரு முனையைக் களிமண் மாதிரி ஒன்றால் அடைத்து, மிஷினில் போட்டுச் சுற்றினார்கள். எடுத்தால் சிவப்பு கீழே தனியாக, தண்ணீர் மேலே தனியாக நின்றது. நூறு பங்கில் சிவப்பு எத்தனை பங்கு என்று ஒரு அட்டையில் வைத்துப் படித்தார்கள்.

"இந்த ஆளுக்கு நேத்து முப்பத்தெட்டு. இன்னைக்கு நாப்பத்தெட்டு. ரத்தம் ஊறிருச்சா?"

"நல்லாச் சாப்ட்ருப்பாரும்மா."

"இல்ல. தண்ணி கசிஞ்சு வெளிய போயிருச்சு. மிச்ச ரத்தம் சுண்டிப்போச்சு, வத்தக்குழம்பு மாதிரி. நீங்க ஐம்பதுன்னு எழுதுனா, இவருக்குத் தண்ணி போதும்னு நான் நெனைப்பேன். நெஜத்துல பத்துதான் போயிருந்தா, இவரு சாயங்காலம் இருக்க மாட்டாரு."

அன்றிலிருந்து ஒழுங்காகக் குனிந்தேன்.

ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கிறதாம். ஒரு செல் கனம்தான், வெங்காயத் தோல்கூட அதற்குக் கம்பளி. அதன் மேல் இன்னும் மெல்லிசாக வழுவழுவென்று ஒரு படலம். காய்ச்சல் கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையில் இந்தப் பூச்சும் அடிபட்டுவிடுகிறது. அண்ணன் தம்பி சண்டையில் நடுச்சுவர் இடிகிற மாதிரி. படலம் உரிந்து, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் சந்து விழுந்து, தண்ணீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சைச் சுற்றியும் கசிகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் அது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் நடக்கும். வீட்டுக்காரர்கள் 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று சாமிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். அப்போது அளந்து அளந்து பாட்டில் ஏற்ற வேண்டும். பிறகு பூச்சு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. சந்து மூடி, படலம் மறுபடி படிகிறது. அதற்கு மருந்து கிடையாது, ஊசி கிடையாது. நாம் செய்ய வேண்டியது அதுவரைக்கும் ஆளைத் தாக்காட்டி உயிரோடு வைத்திருப்பது, அதற்குப் பிறகு சும்மா இருப்பது. வெளியே போன தண்ணீர் தானாகவே குழாய்க்குள் திரும்பி வந்துவிடும். அந்த நேரத்தில் பாட்டிலையும் ஏற்றினால் ஆள் உள்ளுக்குள்ளேயே மூழ்கிப்போவார்.

சும்மா இருப்பதுதான் எங்கள் ஊரில் யாருக்கும் முடியாத காரியம். காய்ச்சல்காரரைப் பார்க்க வருகிறவர்கள் "எப்படி இருக்கீக" என்று கேட்பதில்லை. "எத்தனை பாட்டில் ஏறுச்சு?" என்றுதான் கேட்பார்கள். நாலு என்றால் பரவாயில்லை. எட்டு என்றால் பெரிய வைத்தியம். பாட்டில் போடாத டாக்டர் கைநாட்டு டாக்டர். நானும் அந்த ஊர்க்காரன்தானே. "கொஞ்சம் வேகமா விடுங்கண்ணே" என்று யாராவது கெஞ்சினால், ட்யூபில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் தொட்டு உருட்டுகிற மாதிரி பாவனை காட்டுவேன். உருட்ட மாட்டேன். அவர்களுக்குத் திருப்தி, எனக்கு மதிப்பு. "சவரி அண்ணன் கைபட்டா எறங்குதுப்பா" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மயங்கித்தான் கெட்டேன்.

பஞ்சவர்ணம் என்கிற பெண் மழைக்காலத்தில் வந்து படுத்தாள். வயது இருபத்தெட்டு இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், மல்லிகைத் தோட்டம். புருஷன் செல்லப்பாண்டி, வாய் செத்த மனுஷன். அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் அக்கா மூக்கம்மா கூட வந்திருந்தாள். அந்தம்மா பேசினால் பக்கத்து வார்டில் பிரஷர் ஏறும்.

பஞ்சவர்ணத்துக்கு நல்ல ஒழுக்கு. சிவப்புப் பங்கு எண் முப்பத்தாறிலிருந்து நாற்பத்தேழுக்குப் போனது. கை கால் சில்லிட்டு, மணிக்குப் பதினைந்து மில்லி, அதுவும் காபித் தண்ணி நிறத்தில். டாக்டரம்மா ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கட்டிலை விட்டு நகரவில்லை. மணிக்கு மணி விரலில் குத்துவது, சுற்றுவது, படிப்பது, சொட்டைக் கூட்டுவது, குறைப்பது. நான் குனிவது, எழுதுவது. மறுநாள் காலையில் எண் முப்பத்தாறுக்கு வந்தது. குவளை நிறைய ஆரம்பித்தது. உடம்பு முழுக்கச் சிவந்து, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டிருந்தது. உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள்.

டாக்டரம்மா சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாட்டில நிறுத்துங்க. ஊசிக் குழாய் மட்டும் கையில இருக்கட்டும், மூடி போட்டு வைங்க. இட்லி குடுங்க. இனி ஒரு சொட்டுகூடக் கூடாது."

மூக்கம்மா பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உடம்பு பூராம் நெருப்பாச் செவந்து கெடக்கு, இப்பப் போயி நிறுத்துறீகளே?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அம்மா, நீங்க வெவசாயம் பாக்குறவங்க. வாய்க்கால்ல நண்டு வளை போட்டாத் தண்ணி கசியும்ல? கசியறவரைக்கும் அதிகமாத் தண்ணி விடணும். இப்ப வளை அடைச்சிருச்சு. வெளிய போன தண்ணியெல்லாம் வாய்க்காலுக்கே திரும்பி வருது. இன்னும் விட்டா ஒடைஞ்சிரும்."

அதுவரைக்கும் வாயே திறக்காத செல்லப்பாண்டி அப்போது பார்த்து வாயைத் திறந்தான். "வயலுக்குப் போன தண்ணி எந்த ஊர்லம்மா வாய்க்காலுக்குத் திரும்பியிருக்கு?"

எனக்கே அவன் சொன்னதுதான் சரி என்று பட்டது. "ஒடம்புல திரும்பும். நம்புங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நம்புங்க என்றால் யார் நம்புகிறார்கள்?

மத்தியானம் மூக்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பொண்ணோட அண்ணன் ஆயக்குடியில இருந்து ஆளுகளோட வேன்ல வாராரு. வந்து பாக்குறப்ப பாட்டில் இல்லாம வெறுங்கம்பி நின்னா எங்க மானம் போயிரும்ணே. கட்டிக் குடுத்த பிள்ளைய வைத்தியம் பாக்காமப் போட்டு வச்சுருக்கோம்னு பேசுவாக."

"டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்களே."

"ஏத்த வேணாம்ணே. சும்மா தொங்குனாப் போதும். செத்த நேரம். அவுக போனதும் கழட்டிருங்க."

செல்லப்பாண்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் வீட்டு ஆட்களுக்குப் பயந்த முகம். அந்த முகம் எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். டியூட்டி சிஸ்டர் அந்தக் கடைசியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் போதாமல் நடைபாதையில் பாய் போட்டு ஆள் படுத்திருந்த நேரம். காலையில் நிறுத்தியதால் ஏற்றாமல் அலமாரியில் மிஞ்சியிருந்த பாட்டிலை எடுத்தேன். அரை லிட்டர், உடைக்காதது. கம்பியில் மாட்டி, ட்யூபைக் கொண்டுபோய் அவள் கையில் இருந்த ஊசிக் குழாயிலும் சொருகினேன். ஏன் சொருகினாய் என்று கேளுங்கள். தொங்கவிட்டால் மட்டும் போதாது, பார்க்க நிஜமாக இருக்க வேண்டும் என்று பட்டது. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன் பாருங்கள், அந்தத் திமிர். சக்கரத்தை இறுக்கி மூடினேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. இரண்டு தடவை பார்த்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வேப்பமரத்தடியில் நின்று வாட்ச்மேனோடு ஊர் வம்பு பேசிவிட்டு நான் உள்ளே வந்தபோது, ஆயக்குடி அண்ணன் வேலுச்சாமி வாசலிலேயே எதிரில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கொய்யாப்பழக் கூடை, முகத்தில் பெரிய சந்தோஷம்.

"ஏனுங்க, நீங்கதானே பாட்டில் போட்டது? அது ஒரு சொட்டுங்கூட எறங்காம அடைச்சுக் கெடந்ததுங்க. நாந்தேன் அந்தச் சக்கரத்தை முழுசாத் தொறந்து உட்டேன். எங்க மாட்டுக்கு டாக்டர் போடறப்பப் பாத்திருக்கறனுங்க. அது ஆச்சுங்க. அடுத்தது மாட்டுங்க."

ஓடினேன். பாட்டில் சுருங்கிப்போய்த் தொங்கியது. அரை லிட்டரும் உள்ளே. பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். ஒரு வாக்கியத்தைப் பேச முடியவில்லை. "மூ... ச்சு..." என்றாள்.

"மருந்து வேலை செய்யுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வேலுச்சாமி பின்னால் நின்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். அது வரைக்கும் மனுஷன். அதற்கு அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. டாக்டரம்மா வருவதற்குள் ட்யூபைக் கழற்றி, மூடியைப் போட்டு, காலிப் பாட்டிலை அழுக்குத் துணிக் கூடையில் போர்வைக்கு அடியில் அமுக்கினேன். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் வேலை பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா வந்தார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். விரலில் குத்தி லேபுக்கு அனுப்பினார். நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன், நான்தான் எண்ணோடு திரும்பி வந்தேன். முப்பது. காலையில் முப்பத்தாறு.

அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டரிடம் மெதுவாகப் பேசினார். "இம்புட்டு எறங்கியிருக்கே. உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதா? ரத்தத்துக்குச் சொல்லி வைங்க, ரெண்டு பாட்டில்." பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஆனா கை கதகதன்னு இருக்கே. ரத்தம் போற ஆளுக்குக் கை சில்லுன்னு இருக்கும். நாடியும் நல்லாத் தூக்கி அடிக்குது. தண்ணிதான் கூடியிருக்குன்னா, எங்க இருந்து வந்துச்சு? திரும்பி வர்ற தண்ணி இம்புட்டு வேகமா வராதே." நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "பாட்டில் நிறுத்துன பெறகு ஏதாவது ஏறுச்சா?"

மூக்கம்மா முந்திக்கொண்டாள். "இல்லம்மா. காலையில நீங்க நிறுத்துனதுதான்." என்னைக் காப்பாற்றுகிறாளாம். வேலுச்சாமி தரையைப் பார்த்தார். செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான். பஞ்சவர்ணம் யாரையும் பார்க்கவில்லை, அவளுக்கு மூச்சு விடுகிற வேலையே சரியாக இருந்தது.

எனக்குச் சுற்றுகிற மிஷினும் கண்ணாடிக் குழாயும் ஞாபகத்துக்கு வந்தது, அதனால் மனசாட்சி விழித்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிஜமாக எனக்கு நாற்காலிதான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வேலை போகும். மகள் கல்யாணம் அந்தத் தை மாதம். பேசாமல் இருந்தால் ரத்தம் வரும், ஏற்றுவார்கள். ஏற்கனவே தளும்புகிற குடத்தில் இன்னும் இரண்டு பாட்டில். அவள் அதுவரைக்கும் தாங்கினால்தானே.

அவள் இழுத்த மூச்சில் ஒரு சத்தம் வந்தது. சோற்றுப் பானையில் கஞ்சி கொதிக்கிற சத்தம்.

"ஏறுச்சும்மா" என்றேன். "அரை லிட்டர். நான்தான் மாட்டுனேன். காட்சிக்கு மாட்டுனேன், தொறந்துக்கிச்சு. பாட்டில் அந்தக் கூடைக்குள்ள கெடக்கு."

சிஸ்டர் போர்வையை விலக்கிக் காலிப் பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"நன்றிங்க, சவரிமுத்து சார்" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. ரத்தம் வேண்டாம் என்றார். கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, மூத்திரத்தை வெளியே தள்ளுகிற ஊசி ஒன்றைப் போட்டு, அடியில் குழாய் வைத்துப் பையைத் தொங்கவிட்டார். என்னிடம் குவளையைக் கொடுத்தது சிஸ்டர்தான்.

பத்து நிமிஷம். பையில் ஒன்றுமில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தோணியாருக்கு நேர்ந்தேன், பழனி முருகனுக்கு நேர்ந்தேன், பேகம்பூர்ப் பள்ளிவாசல் பக்கமும் ஒரு கும்பிடு போட்டேன். அவசரத்துக்குச் சாதி மதம் பார்க்க முடியுமா? பிறகு ஒரு சொட்டு. பிறகு நூல் மாதிரி. பிறகு ஓடை மாதிரி. பையைக் குவளையில் இறக்கி, தரையில் வைத்து, முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். இருநூற்றைம்பது. அட்டையில் எழுதினேன். அடுத்ததும் இருநூற்றைம்பது. அதற்கும் அடுத்தது முன்னூறு. தண்ணீர் மாதிரி வெளுத்துப்போய் வந்தது. அவள் தலையணையில் சாய்ந்தாள். கஞ்சிச் சத்தம் நின்றது.

"அண்ணே" என்றாள் என்னைப் பார்த்து. "இட்லி சொன்னாங்கள்ல, இருக்கா?"

நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்த உலகத்தில் மூத்திரத்தைப் பார்த்து அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன், பாதி உட்கார்ந்தேன்.

"சார், உங்களுக்குத் தண்டனை என்ன தெரியுங்களா?"

"வேலைய விட்டு நின்னுக்கிறேம்மா."

"அது தண்டனையில்ல, லீவு. இனிமே இந்த வார்டுல யாருக்குப் பாட்டில நிறுத்தறதா இருந்தாலும், ஏன் நிறுத்தறோம்னு வீட்டுக்காரங்களுக்கு நீங்கதான் சொல்லணும். அவங்க ஒத்துக்கிற வரைக்கும். என் வாய்க்கால் கதை செல்லாது. நீங்க ஒண்ணு கண்டுபிடிச்சுக்கங்க."

முதல் நாள் திட்டு வாங்கினேன். இரண்டாம் நாளும் வாங்கினேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கண்டுபிடித்தேன். மூன்று பேர் சீட்டில் நடுவில் இருந்த ஆள் எழுந்து இறங்கினார். அடுத்த ஆள் வந்து உட்காருவதற்குள், இந்தப் பக்கம் இருந்தவர் தொடையை விரித்தார், அந்தப் பக்கம் இருந்தவர் பையை நகர்த்தினார், இடமே இல்லை. மறுநாள் வார்டில் எடுத்துவிட்டேன்.

"இந்தா பாரு தாயி. பத்தலகுண்டு பஸ்ல நடு ஆளு எறங்குனா என்ன நடக்கும்? ரெண்டு பக்கத்து ஆளும் சப்பையாப் பரப்பி உக்காந்து மூடிருவாக. குழாய்க்குள்ளயும் அதேதான். செல்லு செத்து விழுந்த எடத்துல, பக்கத்துல உள்ளது படுத்து நீண்டு சந்த மூடிருது. பெறகு சாவகாசமாப் புது ஆளு பொறந்து வாரான்."

"சரி. வெளிய போன தண்ணி எப்படித் திரும்பும்?"

"நெரிசல்ல வெளிய தள்ளிவிட்ட கூட்டம் ஸ்டாப்புலயேதான நிக்குது? சண்டை முடிஞ்சதும் திரும்ப ஏறுவாகள்ல? அந்த நேரம் பாத்து நீ புதுசா அம்பது பேர ஏத்துனா, பஸ்ஸு என்னாகும்?"

ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவே பிறகு வந்தவர்களிடம் பஸ் கதையைத்தான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான்.

ஒத்துக்கொள்ளாத ஒரே குடும்பம், நான் சொல்லவே வாய்க்காத குடும்பம்தான். பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போகிற அன்று செல்லப்பாண்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க போட்ட அந்தக் கடைசிப் பாட்டில்லதான் எம் பொண்டாட்டி பொழச்சா. டாக்டரம்மா நிறுத்தச் சொல்லியும் நீங்க மாட்டுனீங்களே." நான் திருதிருவென்று முழித்தேன். மூக்கம்மா என் காதோடு சொன்னாள்: "அம்புட்டு ஆளுக முன்னாடி எந் தப்ப உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீகளே. உங்கள மாதிரி மனுசன் உண்டா?" ஒப்புக்கொண்டதையும் தியாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது அதுதானே. பாட்டில் ஏறியது, ஆள் திணறியது, ஆள் பிழைத்தது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வருஷா வருஷம் முதல் பூவெடுப்பில் ஒரு பந்து மல்லிகையைச் செல்லப்பாண்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பான். என் வீட்டுக்காரி ரோஸ்மேரி அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "கொல்லப் பாத்ததுக்குப் பூ குடுக்கிற ஊரு இது ஒண்ணுதான்" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவன் "உங்க கைராசிண்ணே" என்பான். பூவை வாங்கி ரோஸ்மேரியிடம் கொடுத்துவிடுவேன். பஸ் கதையை ஆயிரம் பேருக்குச் சொன்னவன், சொல்ல வேண்டிய ஒருத்தனுக்குச் சொல்லவில்லை.

சரி, ஜெனிபர் கேட்டது சொட்டு மிஷினைப் பற்றி. அந்த மிஷின் இருந்திருந்தால் வேலுச்சாமி சக்கரத்தை உருட்டியிருக்க முடியாது, அது வாஸ்தவம். ஆனால் அவர் அதன் பட்டனையாவது அமுக்கியிருப்பார். நான் ஓய்வு பெறுகிற அன்றைக்கு எனக்கு மாலை போட்டு டாக்டரம்மா பேசும்போது...

"ஏங்க! எழுதுனது போதும், வெளிய வாங்க. நெலக்கோட்டைக்காரரு வந்துருக்காரு" என்று ரோஸ்மேரி கூப்பிடுகிறாள்.

"பூ வர்ற காலம் இல்லையே இது?"

"பூ இல்ல. நீங்களே வந்து பாருங்க."

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. செல்லப்பாண்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறான். கையில் மெடிக்கல் ஷாப் பை.

"அண்ணே, செத்த வாங்கண்ணே, ஆட்டோ நிக்குது. மூக்கம்மா அக்காவுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல். ஒழுகுதுன்னு ஆஸ்பத்திரியில வச்சுப் பாட்டில் ஏத்துனாக. காலையில நிறுத்திட்டு, நல்லாயிருச்சு, பசிச்சாச் சாப்டட்டும்ங்கறாக. உடம்பு பூராம் செவந்து அரிச்சுக்கிட்டுக் கெடக்கு. அது உங்களத்தான் கேக்குது. பாட்டில் நானே வாங்கியாந்துட்டேன், ரெண்டு. நீங்க வந்து மாட்டுனாப் போதும்."

இருங்கள். முதலில் அந்தப் பையை அவன் கையிலிருந்து வாங்க வேண்டும். பிறகு அவனை உட்கார வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல நாற்காலி ஒன்று இருக்கிறது.